சாத்துக்குடி எந்த ஊர்ப் பழம்?

சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பில் சித்திரை மாத மதியத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும் யாரும் முதலில் தேடுவது நிழலை, அடுத்தது ஜூஸ் கடையை. "அண்ணே, ஒரு சாத்துக்குடி, ஐஸ் கம்மியா" என்று ஒரு குரல் வரும். கடைக்காரர் நாலு பழத்தைக் குறுக்கே நறுக்கி, பிழிந்து, வடிகட்டி, கண்ணாடி டம்ளரில் ஊற்றித் தருவார். குடித்துவிட்டு அடுத்த பஸ் பிடிக்கப் போய்விடுவோம். அந்தப் பழத்தின் பெயரில் ஓர் ஊர் ஒளிந்திருக்கிறது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றாது.

மன்னார்குடி, தூத்துக்குடி, காரைக்குடி மாதிரி சாத்துக்குடி என்றும் ஓர் ஊர் இருக்குமோ? கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத்தான் தெரியும். ஆனால் இதே பழத்தை மும்பைக்காரர் மோசம்பி என்கிறார். அது ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாட்டுப் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். தெலுங்கர் பத்தாயி என்கிறார். அது படேவியாவிலிருந்து வந்தது என்பார்கள். படேவியா என்றால் டச்சுக்காரர்கள் வைத்த பெயர், இன்றைய ஜகார்த்தா. ஆக ஒரு டம்ளர் ஜூஸில் ஆப்பிரிக்கா, ஜாவா இரண்டும் வந்துவிட்டன. அப்படியானால் நம் சாத்துக்குடி மட்டும் எங்கிருந்து?

(தாவரவியல் மாணவர்கள் சண்டைக்கு வருவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மோசம்பியும் சாத்துக்குடியும் ஒரே இனத்தின் இரண்டு ரகங்கள். மோசம்பியின் தோலில் மேலிருந்து கீழாக லேசான வரிகள் ஓடும், அடியில் வட்டமாக ஒரு முத்திரை தெரியும். சாத்துக்குடி வழவழப்பாக, உருண்டையாக இருக்கும். கடைத்தெருவில் இந்த வித்தியாசத்தை யாரும் பார்ப்பதில்லை. சென்னையில் இரண்டுமே சாத்துக்குடிதான்.)

ஏழு கோட்டைகளின் அடிவாரம்

வேலூர் மாவட்டத்தில் பேரணாம்பட்டுக்குப் பக்கத்தில் சாத்கர் என்று ஓர் ஊர் இருக்கிறது. சாத் என்றால் ஏழு, கட் என்றால் கோட்டை. சுற்றியுள்ள மலைகளின்மேல் இருந்த கோட்டைகளால் வந்த பெயர். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் சாத்கர், சாத்கூர், சாத்கடம் என்று வாய்க்கு வந்தபடி எழுதியிருப்பார்கள். இந்த ஊர்ப் பெயர்தான் தமிழ் வாயில் விழுந்து "சாத்துக்குடி" ஆனது என்பது பழப் பயிர்களைப் பற்றி எழுதியவர்களிடையே உள்ள கருத்து. கேட்டதும் நம்பத் தோன்றுகிறது. கோட்டை, கடம், கர் எல்லாம் நமக்கு அந்நியம். "குடி" என்று முடித்தால்தானே ஊர்ப் பெயர் மாதிரி இருக்கும்!

சாத்கர் அந்தக் காலத்தில் மூலையில் கிடந்த ஊர் இல்லை. சென்னையிலிருந்து ஆற்காடு, வேலூர் வழியாக மைசூர்ப் பீடபூமிக்கு ஏறும் பழைய பாதைகளில் ஒன்று இந்த அடிவாரத்தைத் தொட்டுத்தான் நாயக்கனேரிக் கணவாய் ஏறியது. படைகளும் போயின, வியாபாரிகளும் போனார்கள். 1749இல் ஆற்காட்டு நவாப் அன்வாருத்தீன் கொல்லப்பட்ட ஆம்பூர்ப் போர் நடந்த இடமும் இங்கிருந்து வெகுதூரம் இல்லை.

இந்த ஊரில் ஆற்காட்டு நவாபுக்குச் சொந்தமான பெரிய பழத்தோட்டம் இருந்தது. திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டு, அதாவது 1800இல், புதிதாகக் கிடைத்த நாட்டில் என்ன விளைகிறது, யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று பார்த்து எழுதும்படி பிரான்சிஸ் புக்கானன் என்ற டாக்டரைக் கும்பெனி அனுப்பியது. அவர் சென்னையிலிருந்து புறப்பட்டு இந்த வழியாகத்தான் மலையேறினார். போகிற வழியில் நவாபின் தோட்டத்தையும் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டே, 1801இல், கர்நாடக நவாபின் ஆட்சி உரிமை கும்பெனியின் கைக்குப் போய்விட்டது. ஆனாலும் சாத்கர் ஆரஞ்சு என்ற பெயர் 19ஆம் நூற்றாண்டு முழுக்க ஆங்கிலேயர்களின் குறிப்புகளில் நல்ல பெயராகவே வந்துகொண்டிருந்தது.

இன்று நிலைமை தலைகீழ். ஜூஸ் கடையில் சாத்துக்குடி கேட்பவர்களில் சாத்கரைக் கேள்விப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கோயம்பேடு மார்க்கெட்டுக்கு வரும் சாத்துக்குடி லாரிகளும் பேரணாம்பட்டிலிருந்து வருவதில்லை. அனந்தபூர், கடப்பா, நல்கொண்டா என்று ஆந்திராவிலும் தெலங்கானாவிலும்தான் இதன் பெரிய தோட்டங்கள் இருக்கின்றன. சென்னை மாகாணம் ஒன்றாக இருந்த காலத்திலேயே ஆராய்ச்சியும் அந்தப் பக்கம் போய்விட்டது. கடப்பா மாவட்டம் கோடூர் அருகே அனந்தராஜுப்பேட்டையில் 1935இல் பழ ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். எந்த வேர்ச்செடியில் சாத்துக்குடி மொட்டை ஒட்டினால் மரம் நீண்ட நாள் வாழும் என்பதையெல்லாம் அங்கே ஆண்டுக்கணக்கில் நட்டுப் பார்த்தார்கள்.

எல்லோரும் வேறு ஊரைக் காட்டுகிறார்கள்

சாத்கர் என்று சொன்னதோடு பதில் முடிந்துவிடுமா? முடியாது. நவாபின் தோட்டத்தில் இந்த மரம் தானாக முளைத்துவிடவில்லை. அங்கேயும் யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்துதான் நட்டிருக்க வேண்டும்.

இந்தக் குடும்பத்துப் பழங்களுக்கு ஒரு வேடிக்கையான வழக்கம் உண்டு. எந்த ஊரில் கேட்டாலும் "நான் இந்த ஊர் இல்லை" என்று அவற்றின் பெயரே சொல்லிவிடும். இனிப்பு ஆரஞ்சை டச்சுக்காரர்கள் "சீன ஆப்பிள்" என்ற பொருளில் சினாசப்பெல் என்கிறார்கள். அரபு மொழியில் அது புர்துகால், துருக்கியில் போர்த்தகால். அதாவது போர்ச்சுகல் பழம். போர்ச்சுகல்காரர்களோ அதை லாரஞ்சா என்கிறார்கள். அந்தச் சொல்லைப் பின்தொடர்ந்து போனால் எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? நம் வீட்டு ஊறுகாய் ஜாடியில்!

ஆங்கிலத்தில் ஆரஞ்சு, ஸ்பானிய மொழியில் நரஞ்ஹா, அரபியில் நாரஞ்ச், பாரசீகத்தில் நாரங், சமஸ்கிருதத்தில் நாரங்க. அதற்கும் பின்னால் இருப்பது ஒரு திராவிடச் சொல் என்பது மொழியியலார் பலரின் முடிவு. நம் நாரத்தை, மலையாளத்தின் நாரங்ஙா எல்லாம் அதன் உறவு. நாறுதல் என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் மணத்தல் என்றுதான் பொருள். மணக்கும் காய் என்பதே பெயராகிவிட்டது என்று விளக்கம் சொல்வார்கள். உப்பில் ஊறிச் சுருண்டு, தயிர்ச்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளக் கிடைக்கும் நாரத்தங்காயின் சொந்தக்காரச் சொல்தான் ஐரோப்பாவில் ஒரு நிறத்துக்கே பெயராக இருக்கிறது.

பம்பளிமாஸ் கதை இன்னும் குழப்பம். தலை அளவு பெரிய, தடித்த தோலுள்ள அந்தப் பழத்துக்கு டச்சு மொழியில் பொம்பல்மூஸ் என்று பெயர். டச்சிலிருந்து தமிழுக்கு வந்தது என்கிறது ஒரு தரப்பு அகராதி. இல்லை, தமிழிலிருந்துதான் டச்சுக்குப் போனது என்கிறது இன்னொரு தரப்பு. யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்பது தீரவில்லை. ஆனால் கடன் எங்கே கைமாறியிருக்கும் என்று ஊகிக்கலாம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக் கும்பெனி பழவேற்காட்டில் கோட்டை கட்டியது. தாம்பரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டியுள்ள சதுரங்கப்பட்டினத்திலும் அவர்கள் கோட்டை இன்னும் நிற்கிறது. இந்தக் கரையில் நெய்த துணிகள் இங்கிருந்துதான் கப்பலேறிப் படேவியாவுக்குப் போயின. போன கப்பல் காலியாகத் திரும்பியிருக்காது. மிளகு, ஜாதிக்காய் மூட்டைகளுக்கு நடுவில் சில செடிகளும் விதைகளும் வந்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தெலுங்கில் பத்தாயி என்ற பெயர் நிலைத்ததற்கும் அந்த வியாபாரமே பின்னணியாக இருக்கலாம்.

கடாரங்காயையும் ராஜேந்திர சோழன் வென்ற கடாரத்தையும் முடிச்சுப் போடுபவர்களும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்துக்கொண்டு வரலாறு எழுத ஆரம்பித்தால் அதற்கு முடிவே இருக்காது.

பெயர்களை விட்டுவிட்டு மரத்தையே கேட்டால் வேறு பதில் வருகிறது. 2018இல் நேச்சர் இதழில் ஒரு பெரிய மரபணு ஆய்வு வந்தது. எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளின் மூதாதையர் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரத்தில், அதாவது அசாமின் கிழக்குப் பகுதி, வட மியான்மர், மேற்கு யுன்னான் ஆகியவற்றை உள்ளடக்கிய நிலத்தில் தோன்றி, ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பல இனங்களாகப் பிரிந்தார்கள் என்று அது சொல்கிறது. அந்த மூத்த குடும்பத்தில் முக்கியமானவை மூன்று: கமலா ஆரஞ்சு வகை, பம்பளிமாஸ், சிட்ரான் எனப்படும் தடித்தோல் நாரத்தை வகை. மற்றவை பெரும்பாலும் இவற்றின் கலப்பில் பிறந்த பிள்ளைகள். கமலாவும் பம்பளிமாஸும் கலந்து வந்த வாரிசுதான் இனிப்பு ஆரஞ்சு. நம் சாத்துக்குடி அந்த வீட்டுப் பிள்ளை.

பச்சையாக இருந்தால் பழுக்கவில்லை என்றில்லை

ஆரஞ்சு குடும்பத்துப் பழம் என்கிறோம், ஆனால் சாத்துக்குடி ஏன் ஆரஞ்சு நிறத்தில் இல்லை? நன்றாகப் பழுத்த பிறகும் பச்சையும் மஞ்சளுமாகத்தானே இருக்கிறது?

பழத்தின் தவறில்லை, ஊரின் வெயில்தான் காரணம். ஆரஞ்சுத் தோலில் பச்சையம் மறைந்து உள்ளிருக்கும் ஆரஞ்சு நிறம் வெளியே தெரிய வேண்டுமானால் இரவுகள் குளிர வேண்டும். சுமார் 13 டிகிரிக்குக் கீழே வெப்பம் இறங்கினால்தான் அந்த வேலை ஒழுங்காக நடக்கும். ஸ்பெயினிலும் கலிஃபோர்னியாவிலும் குளிர்காலம் அதைச் செய்கிறது. நாகபுரியிலும் டிசம்பர் குளிர் ஓரளவு செய்கிறது. சென்னைப் பக்கம் மார்கழி இரவில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். (அதற்கே நாம் குல்லாய் மாட்டிக்கொண்டு கோலம் பார்க்கக் கிளம்புகிறோம் என்பது வேறு விஷயம்.) அதனால் வெப்பமண்டலத்தின் ஆரஞ்சுகள் உள்ளே சர்க்கரை ஏறி முழுக்கப் பழுத்தும் மேலே பச்சையாகவே நிற்கின்றன. அமெரிக்காவில் இப்படிப் பச்சையாக நிற்கும் பழங்களை எத்திலீன் வாயு உள்ள அறையில் வைத்து நிறம் மாற்றி விற்கிறார்கள். நம் ஜூஸ் கடைக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. அவர் பழத்தைக் கையில் எடுத்துக் கனம் பார்க்கிறார், அவ்வளவுதான்.

வெயில் இன்னொன்றும் செய்கிறது. வெப்பம் கூடக் கூடப் பழத்தின் புளிப்பு சீக்கிரம் கரைந்துபோகிறது. அதனால்தான் நம் ஊர்ச் சாத்துக்குடி சப்பென்று இனிக்கிறது; குளிர்ப் பிரதேச ஆரஞ்சின் சுருக் அதில் இல்லை. காய்ச்சல்காரருக்குக் கொடுக்க இதுதான் சரி என்று ஆஸ்பத்திரி வாசல்களில் சாத்துக்குடி அடுக்கி வைத்திருப்பதற்கும் இந்த மென்மையே காரணமாக இருக்கலாம். பிழிந்தவுடன் குடித்துவிட வேண்டும், அவ்வளவே. வைத்திருந்தால் லிமோனின் என்ற பொருள் வெளிப்பட்டுச் சாறு கசக்கத் தொடங்கிவிடும்.

பூப்பதற்கும் இந்த மரங்களுக்கு ஒரு தூண்டுதல் வேண்டும். குளிர் நாடுகளில் குளிர்காலம் போய் வசந்தம் வந்தால் பூக்கும். குளிரே இல்லாத ஊரில்? விவசாயி தண்ணீரை நிறுத்துகிறார். சில வாரம் மரத்தை வாட விட்டு, இலை சுருளத் தொடங்கியதும் உரமிட்டுத் தண்ணீர் பாய்ச்சினால் மரம் குப்பென்று பூக்கிறது. பனி செய்ய வேண்டிய வேலையை இங்கே தாகம் செய்கிறது.

இந்த ஊர் வெயிலுக்கு எந்த உபசாரமும் கேட்காமல் காய்ப்பது எலுமிச்சை மட்டும்தான். நாம் லெமன் சாதம், லெமன் ஜூஸ் என்று சொல்வதெல்லாம் உண்மையில் லெமன் இல்லை, லைம். இரண்டும் வேறு வேறு மரம். லெமன் முனை நீண்ட, தோல் தடித்த, குளிர்ந்த ஊர்ப் பழம். நம்முடையது சிறியது, உருண்டையானது, தோல் மெலிந்தது. இந்தக் குழப்பம் நமக்கு மட்டுமில்லை, பிரிட்டிஷ் கடற்படைக்கே வந்தது. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் லெமனும் சாப்பிட்ட இருவர்தான் சட்டென்று தேறினார்கள். 1795இல் கடற்படை லெமன் சாறு கொடுக்க ஆரம்பித்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் விலை மலிவு என்று மேற்கிந்தியத் தீவுகளின் லைம் சாற்றுக்கு மாறினார்கள். இரண்டும் புளிப்புதானே என்ற நினைப்பு! லைமில் வைட்டமின் சி குறைவு. 1875இல் வடதுருவம் நோக்கிக் கிளம்பிய பிரிட்டிஷ் பயணக் குழுவில் ஸ்கர்வி மறுபடி தலைகாட்டியது.

தென்காசி மாவட்டத்துப் புளியங்குடியை எலுமிச்சை நகரம் என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தின் செம்மண்ணில் விளையும் பழம் அங்கே மார்க்கெட்டில் குவிந்து கேரளாவுக்கு லாரி லாரியாகப் போகிறது. எலுமிச்சை ஆண்டு முழுக்கப் பூத்துக் காய்த்தாலும், எல்லோரும் கேட்கும் கோடையில்தான் வரத்து குறையும். 2022 ஏப்ரலில் நாட்டின் பல ஊர்களில் ஒரு பழம் 10 ரூபாய்க்கு விற்றபோது திருஷ்டிக்குக் கட்டுகிறவர்கள்கூட யோசித்தார்கள்.

ஒரே மரம்

இப்போது சாத்துக்குடி விதைக்கு வருவோம். ஜூஸ் கடை வடிகட்டியில் தங்கும் அந்த வெள்ளை விதையில் ஓர் அதிசயம் இருக்கிறது.

மாங்கொட்டையை நட்டால் தாய்மரம் மாதிரியே காய்க்குமென்று பல ரகங்களில் யாரும் உறுதி சொல்ல முடியாது. மகரந்தம் தந்த அப்பா மரத்தின் குணமும் கலந்துவிடும். ஆனால் இனிப்பு ஆரஞ்சின் ஒரு விதையை நட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று கன்றுகள் சேர்ந்து முளைக்கும். அவற்றில் பல, மகரந்தச் சேர்க்கையில் பிறந்தவை அல்ல. விதைக்குள் இருக்கும் தாயின் திசுவிலிருந்தே நேராக உண்டான கருக்கள். அதாவது தாயின் நகல். அப்பாவே கிடையாது! சாத்துக்குடி விதையிலிருந்து சாத்துக்குடிதான் வருகிறது, ஒட்டுக் கட்டாமலேயே.

இதை வரலாற்றோடு சேர்த்துப் பாருங்கள். கமலாவும் பம்பளிமாஸும் கலந்து சீனப் பக்கம் எப்போதோ பிறந்த ஒரு கலப்பு மரத்தின் வழிதான் உலகத்து இனிப்பு ஆரஞ்சுகள் எல்லாம். மோசம்பி, சாத்துக்குடி, வலென்சியா, நேவல் என்று ரகங்கள் பல. அவற்றுக்குள் உள்ள வித்தியாசங்கள் நகல் எடுக்க எடுக்க அங்கங்கே விழுந்த சிறு எழுத்துப் பிழைகளைப் போன்றவை. விதையாகக் கப்பலில் போனாலும், மொட்டாகக் கிளையில் ஒட்டினாலும், போய்ச் சேர்ந்தது அதே மரம்தான். நவாபின் தோட்டத்தில் புக்கானன் காலத்தில் நின்றது சாத்துக்குடியாக இருந்தால், இன்று நல்கொண்டாவில் நிற்பது அதன் பேரனோ கொள்ளுப்பேத்தியோ இல்லை. அதுவேதான்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு கண்கூடான சாட்சி இருக்கிறது. பிரேசிலில் தோன்றிய, விதையே இல்லாத நேவல் ஆரஞ்சின் கன்றுகள் 1870களில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு ஊரில் எலைசா டிபெட்ஸ் என்ற அம்மையாருக்கு வந்து சேர்ந்தன. அந்த மாநிலத்தின் ஆரஞ்சுத் தொழிலே அவற்றிலிருந்து ஒட்டுக் கட்டித்தான் வளர்ந்தது. அந்த மூல மரங்களில் ஒன்று இன்னும் உயிரோடு ரிவர்சைடு சாலையோரம் நிற்கிறது. ஆனால் இப்போது அதை நெருங்கித் தொட முடியாது. கொசுவலை மாதிரி நுண்ணிய வலையில் கூடாரம் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள்.

ஒரு பூச்சிக்குப் பயந்து.

பழனி மலையில் காணாமல்போன ஆரஞ்சு

கொடைக்கானலின் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துத் தோட்டங்களில் ஒரு காலத்தில் காப்பிச் செடிகளுக்கு நடுவே கமலா ஆரஞ்சு மரங்கள் நிறைந்திருந்தன. "கொடை ஆரஞ்சு" என்றால் மதுரை, திண்டுக்கல் சந்தைகளில் தனி மரியாதை. தோல் தளர்ந்து, லேசாகத் தொட்டாலே உரியும், மணம் அறை முழுக்க நிற்கும். அந்த மரங்கள் நுனியிலிருந்து காயத் தொடங்கின. இலை மஞ்சளாகி, காய் சிறுத்துக் கோணலாகி, சில ஆண்டுகளில் முழு மரமும் பட்டுப்போகும். மண்ணில் சத்துக் குறைவு என்று உரம் போட்டார்கள். வேரில் நூற்புழு என்று மருந்து வைத்தார்கள். தோட்டம் தோட்டமாகப் போனது. மிளகும் காப்பியும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

கீழ்மலையில் மட்டும் நடந்ததல்ல இது. குடகிலும் வடகிழக்கிலும், நாடு முழுக்க ஆரஞ்சு மரங்கள் இப்படிக் கருகுவதைப் பார்த்து, ஆஸ்திரேலியாவிலிருந்து லிலியன் ஃபிரேசர் என்ற தாவர நோய் அறிஞர் 1960களின் நடுவில் இங்கு வந்து தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். அவரும் இந்திய விஞ்ஞானிகளும் சேர்ந்து 1966இல் வெளியிட்ட முடிவு: இந்தியாவின் ஆரஞ்சுக் கருகலுக்குப் பெரும்பாலும் காரணம் "கிரீனிங்" நோய். அப்போது அதை வைரஸ் என்று நினைத்தார்கள். மரத்தின் உணவுக் குழாய்களுக்குள் வாழும் பாக்டீரியா என்பது பின்னால் தெரிந்தது. இதோடு டிரிஸ்டெசா என்ற வைரஸ், வேரழுகல், நூற்புழு என்று எல்லாம் சேர்ந்துகொண்டால் மரம் என்ன செய்யும்?

பாக்டீரியாவை மரத்துக்கு மரம் எடுத்துச் செல்வது சில்லிட் என்ற கடுகளவு பூச்சி. அதற்குப் பிடித்த இன்னொரு வீடு எது தெரியுமா? கறிவேப்பிலை! எலுமிச்சையும் ஆரஞ்சும் கறிவேப்பிலையும் ஒரே தாவரக் குடும்பம். கறிவேப்பிலைக் கொத்து, இலை, கன்று எதையும் சோதிக்காமல் தங்கள் நாட்டுக்குள் விடமாட்டோம் என்று அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் விமான நிலையத்தில் கெடுபிடி செய்வதற்குக் காரணம் இந்தப் பூச்சிதான். அம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்த கறிவேப்பிலை குப்பைத் தொட்டிக்குப் போவதைப் பார்த்து வருத்தப்பட்டவர்கள் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

ஒரே மரத்தின் நகல்களாக உலகம் முழுக்க நட்டதன் விலை இங்கேதான் தெரிகிறது. ஒரு மரத்துக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை என்றால் எந்த மரத்துக்கும் இல்லை. ஃபுளோரிடாவில் 2005இல் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குச் சற்று முன், 2003-04 பருவத்தில் அந்த மாநிலம் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைவித்தது. 2022-23இல் அது 2 கோடிப் பெட்டியைக்கூட எட்டவில்லை. சூறாவளிகளுக்கும் அதில் பங்கு உண்டு என்றாலும் முதல் குற்றவாளி இந்தக் கிரீனிங்தான். ரிவர்சைடு தாய்மரத்துக்கு வலைக் கூடாரம் போட்ட கதை இதுதான்.

நோயைத் தாங்கும் குணத்தை இப்போது எங்கே தேடுகிறார்கள்? தோட்டத்தில் இல்லை, காட்டில். ஆஸ்திரேலியக் காடுகளில் முளைக்கும் விரல் மாதிரி நீண்ட எலுமிச்சை இனம் ஒன்று நோயை ஓரளவு தாங்குகிறது என்று கண்டு அதை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது. காட்டு உறவினர்கள் இப்படித்தான் திடீரென்று முக்கியமானவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

சேலையூர்க் காட்டின் உறவினர்கள்

அந்த உறவினர்கள் சேலையூரிலும் இருக்கிறார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தபோது அதற்குக் கிடைத்தது சேலையூர்க் காட்டு நிலம்தான். கல்லூரியின் விடுதிகளில் ஒன்றுக்கு இன்றும் சேலையூர் ஹால் என்றே பெயர். சுற்றிலும் மனைகள் விழுந்து, வீடுகள் எழும்பி, 2021இல் தாம்பரம் மாநகராட்சியே ஆகிவிட்டது. ஆனால் கல்லூரி வளாகத்திலும், நன்மங்கலம், வண்டலூர் பக்கத்துக் காப்புக் காடுகளிலும் கடற்கரைச் சமவெளியின் பழைய புதர்க்காடு துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது.

இந்த வகைக் காட்டின் அடையாள மரங்களில் ஒன்று காட்டெலுமிச்சை. முள்ளும், பளபளக்கும் தடித்த இலையும், கோலிக்குண்டு அளவு பச்சைக் காயும் கொண்டது. இலையைக் கசக்கி முகர்ந்தால் சந்தேகமே வராது, எலுமிச்சை வாசனைதான். வேலி ஓரத்தில் ஏறும் மிளகரணைக் கொடி, விளா, வில்வம் எல்லாம் இதே குடும்பம். பிள்ளையார் சதுர்த்திக்கு விளாம்பழமும் சிவராத்திரிக்கு வில்வ இலையும் வாங்குகிறவர்கள் சாத்துக்குடியின் பங்காளிகளைத்தான் வாங்குகிறார்கள். எல்லோருக்கும் முன்னால் இந்த உறவைக் கண்டுபிடித்தது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி. பறவை எச்சம் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு அதன் குட்டிப் புழு எலுமிச்சை இலையிலும் இருக்கும், கறிவேப்பிலையிலும் இருக்கும். குடும்பத்துக்கு வெளியே உள்ள செடியில் அந்தப் பூச்சி முட்டையிடுவது அபூர்வம்.

இவற்றில் எது எந்த நோயைத் தாங்கும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு காலி மனையைச் சுத்தம் செய்ய பொக்லைன் வரும்போது முதலில் போவது இந்த முள் புதர்கள்தான். "வெறும் முள்ளுக்காடு சார், ஒண்ணுமில்ல" என்று சொல்லி அரை நாளில் வேலையை முடித்துவிடுவார்கள். சாத்கர் தோட்டத்தின் சாத்துக்குடி பெயராகவும் நகலாகவும் தப்பித்து ஊர் ஊராகப் போய்விட்டது. காட்டெலுமிச்சைக்கு விதை எடுத்துக் கப்பலேற்ற ஒரு நவாபும் கிடைக்கவில்லை, ஒரு டச்சுக்காரரும் கிடைக்கவில்லை.

கேம்ப் ரோடு ஜூஸ் கடையில் சாயங்காலம் வடிகட்டியைத் தட்டிக் கழுவுவார்கள். சக்கையும் விதையும் தண்ணீரோடு சாலையோரம் போகும். நல்ல மழைக்குப் பிறகு அந்த மண்ணில் குனிந்து பார்த்தால் சில சமயம் கன்று முளைத்திருக்கும். ஒரே விதையிலிருந்து இரண்டு, மூன்று, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு.